ரெண்டு அப்ஸ்ட்ரீம், ஒரு /23: ப்ரீபெண்ட் போட்டும் இன்பவுண்ட் டிராஃபிக் நகரவே மாட்டேங்குது

செந்தில்_நெட்:
வணக்கம் எல்லாருக்கும். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஐஎஸ்பி, முன்னாடி கேபிள் டிவி ஓட்டிட்டு இருந்தவங்க இப்ப ஃபைபர் குடுக்கறாங்க, அங்க நெட்வொர்க் நான்தான் பாத்துக்கறேன். சொந்த ஏஎஸ் நம்பர் (இன்டர்நெட்ல நம்ம நெட்வொர்க்கோட அடையாள எண்) இருக்கு, ஒரு /23 (512 ஐபி அட்ரஸ் இருக்கற தொகுதி, /24ன்னா அதுல பாதி) இருக்கு, வீட்டு கஸ்டமர் எல்லாரும் சிஜிநாட்டுக்குப் (பல பேர் ஒரு ஐபிய பகிர்ந்துக்கற ஏற்பாடு) பின்னாடி. எட்ஜ்ல சிஸ்கோ ஏஎஸ்ஆர் 1001-எக்ஸ் ரூட்டர், அதுல பிஜிபி (எந்த ஐபிக்கு எந்த வழின்னு நெட்வொர்க்குங்க ஒண்ணுக்கொண்ணு அறிவிச்சுக்கற முறை) ஓடுது. ரெண்டு அப்ஸ்ட்ரீம் (நமக்கு இன்டர்நெட் குடுக்கற கம்பெனிங்க), பேர் வேணாம், ஏ, பின்னு வச்சுக்கலாம். ஏ 10 ஜி லிங்க், பி 2 ஜி கமிட், அதுக்கு மேல போனா அவங்க போலீசர் டிராப் பண்ணிடும்.

அவுட்பவுண்ட் பிரச்சனையே இல்ல, ஏ பக்கம் வர்ற ரூட்டுக்கு லோக்கல் ப்ரெஃபரன்ஸ் (இது அதிகமா இருக்கற வழிதான் ஜெயிக்கும்) 200 வச்சிருக்கேன், எல்லாம் ஏ வழியாத்தான் போகுது. ஆனா உள்ள வர்றது மொத்தமும் பி வழியா வருது. ராத்திரி எட்டு மணிக்கு மேல பி 2 ஜில முட்டிக்கிட்டு நிக்குது, ஏ பக்கம் நூறு மெகா தாண்ட மாட்டேங்குது. மேட்ச் இருக்கற நாள்ல போன் வைக்க முடியல. பி நெய்பருக்கு (பிஜிபில நேரா இணைஞ்ச எதிர் ரூட்டர்) அவுட் ரூட்-மேப்ல (வெளிய போற ரூட்டுக்கான விதிகள்) நம்ம ஏஎஸ்ஸ மூணு தடவ ப்ரீபெண்ட் பண்ணேன் (பாதை நீளமா தெரியறதுக்காக நம்பர திரும்பத் திரும்ப ஒட்டறது), அப்புறம் அஞ்சு. கிராஃப்ல ஒரு அசைவும் இல்ல. கான்ஃபிக் எனக்கு முன்னாடி ஒரு கான்ட்ராக்டர் எழுதுனது. எங்க பாக்கணும்?

துபாய்வாசி77:
ப்ரோ, அஞ்சு பத்தாது, பத்து போட்டுப் பாருங்க. இல்லன்னா பி பக்கம் மெட் (எந்த லிங்க் வழியா வரலாம்னு பக்கத்து நெட்வொர்க்குக்குச் சொல்ற எண், கம்மிதான் ஜெயிக்கும்) ஏத்துங்க, ஏ பக்கம் கம்மியா வைங்க.

பாண்டியன்_என்ஓசி:
மெட் இங்க வேலை செய்யாது. மெட்டை ஒப்பிடறது ஒரே பக்கத்து ஏஎஸ்ல இருந்து வர்ற ரூட்டுகளுக்குள்ளதான், ஏவும் பியும் வேற வேற கம்பெனி, செந்தில் அனுப்பற மெட் அவங்கள தாண்டி வெளிய போகவும் போகாது. ஒரே அப்ஸ்ட்ரீமோட ரெண்டு ஊர்ல ரெண்டு லிங்க் இருந்தா அது வேற கதை.

பத்து ப்ரீபெண்டும் வேணாம். அஞ்சுக்கு ஒரு துளிகூட நகரலன்னா பத்துக்கும் நகராது. அதுக்கு அர்த்தம், ஏஎஸ் பாத் (வழில இருக்கற ஏஎஸ் நம்பர் வரிசை) நீளத்தைப் பாக்கற இடத்துக்கே முடிவு வந்து சேரல, அதுக்கு முன்னாடியே எங்கயோ முடிஞ்சிடுது. தம்பி, ஒரு வேலை பண்ணுங்க. ரெண்டு நெய்பருக்கும் அட்வர்டைஸ்ட்-ரூட்ஸ் ஷோ பண்ணி என்ன போகுதுன்னு அப்படியே போடுங்க. நம்பர மறச்சுக்கங்க, ஸ்லாஷ் நீளம் மட்டும் தெரிஞ்சா போதும். ரெண்டு ரூட்-மேப்பும் அதுல இருக்கற ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட்டும் (எந்த ஐபி தொகுதிய, அதாவது ப்ரிஃபிக்ஸ, விடலாம்ங்கற பட்டியல்) சேத்து போடுங்க.

செந்தில்_நெட்:
பாத்துட்டேன் சார்.

ஏ நெய்பருக்கு: /23 ஒண்ணே ஒண்ணு.
பி நெய்பருக்கு: அதே /23, கூட ரெண்டு /24. மூணுலயும் நம்ம ஏஎஸ் ப்ரீபெண்ட் சரியா ஏறியிருக்கு.

ஏ பக்கம் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட்ல "பெர்மிட் /23" மட்டும் இருக்கு. பி பக்கம் "பெர்மிட் /23 எல்இ 24"னு இருக்கு. நெட்வொர்க் ஸ்டேட்மென்ட் (இந்தத் தொகுதிய அறிவின்னு பிஜிபிக்குச் சொல்ற வரி) மூணும் இருக்கு, மூணுக்கும் நல்-ஜீரோவுக்கு (வர்ற பாக்கெட்ட தூக்கிப் போடற போலி இன்டர்ஃபேஸ்) ஸ்டாட்டிக் போட்டிருக்கு.

கலை_ரூட்டிங்:
அந்த "எல்இ 24"தான் காரணம். ப்ரிஃபிக்ஸ் லென்த் 23ல இருந்து 24 வரைக்கும் எதுவா இருந்தாலும் விடுன்னு அர்த்தம், அதனால பி பக்கம் மட்டும் /24 வெளிய போகுது.

உலகத்துல எந்த ரூட்டரா இருந்தாலும் பாக்கெட்ட ஃபார்வர்ட் பண்றப்ப மொதல்ல பாக்கறது எந்த ப்ரிஃபிக்ஸ் ரொம்ப நீளமா பொருந்துதுன்னு. லோக்கல் ப்ரெஃபரன்ஸ், ஏஎஸ் பாத், ஆரிஜின், மெட் எல்லாமே ஒரே ப்ரிஃபிக்ஸுக்கு ரெண்டு வழி இருக்கறப்ப எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ணத்தான். /24 உங்ககிட்ட இருந்து பி வழியா மட்டும்தான் போகுது, போட்டிக்கு இன்னொரு /24 எங்கயும் இல்ல, அப்ப நீங்க அஞ்சு ப்ரீபெண்ட் போட்டாலும் அம்பது போட்டாலும் இருக்கற ஒரே வழி அதுதான். இன்னும் சொல்லப்போனா ஏவோட ரூட்டரே அந்த /24ஐ இன்டர்நெட்ல இருந்து பி வழியா கத்துக்கும், உங்களுக்கு நேரா 10 ஜி கேபிள் போட்டு வச்சிருக்கற ஏ, தன்னோட சொந்த கஸ்டமர்கிட்ட இருந்து உங்களுக்கு வர்ற பாக்கெட்டக்கூட பிகிட்ட குடுத்து அனுப்பும். ஏ பக்கம் காலியா கெடக்கறது அதனாலதான்.

இதே விஷயம் உலகம் பூரா தெரிஞ்சது 2008 பிப்ரவரி 24ல. பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டுல யூடியூப்ப தடுக்கறதுக்காக 208.65.153.0/24ன்னு ஒரு ரூட் போட்டாங்க, அது அவங்க அப்ஸ்ட்ரீம் பிசிசிடபிள்யூ வழியா வெளிய கசிஞ்சிடுச்சு. யூடியூப் அப்ப /22தான் அறிவிச்சிட்டு இருந்தாங்க, அதனால உலகத்துல பல இடத்துல இருந்து யூடியூப்புக்குப் போக வேண்டிய டிராஃபிக் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. யூடியூப் மொதல்ல அதே /24ஐ தாங்களும் அறிவிச்சாங்க, அப்ப ஏஎஸ் பாத் எந்தப் பக்கம் கம்மியோ அந்தப் பக்கம் பிரிஞ்சுது. அடுத்து ரெண்டு /25 அறிவிச்சாங்க, அதை ஏத்துக்கிட்ட நெட்வொர்க்குகள்ல மட்டும் முழுசா திரும்புச்சு. கடைசில பிசிசிடபிள்யூ அந்த வழிய எடுத்த பிறகுதான் அடங்குச்சு. உங்க ரூட்டர்ல நடக்கறதும் அதே ரூல்தான்.

செந்தில்_நெட்:
மேடம், இப்பதான் புரியுது. கான்ட்ராக்டர்கிட்ட கேட்டேன், பி லிங்க் மட்டும் இருந்த காலத்துல போட்டது, ஏ வந்தப்ப அதைத் தொடலன்னு சொன்னார். இப்ப பி பக்கம் இருக்கற /24ஐ எடுத்துடறதா, இல்ல ஏ பக்கமும் /24 போடறதா?

துபாய்வாசி77:
பி பக்கம் எடுத்துட்டு ஏ பக்கம் மட்டும் /24 ரெண்டையும் விடுங்க, /23 ரெண்டு பக்கமும் இருக்கட்டும். ஒரே நிமிஷத்துல மொத்த டிராஃபிக்கும் ஏக்கு வந்துடும், ஏ விழுந்தா /23 பி வழியா இருக்கு, பேக்கப்பும் ஆச்சு. நாங்க இங்க அப்படித்தான் ஓட்டறோம், இதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் வந்ததில்ல.

பாண்டியன்_என்ஓசி:
வேலை செய்யும், அதுல சந்தேகமில்ல. ஆனா நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒண்ணு, உலக ஐபிவி4 டேபிள் இப்பவே பத்து லட்சத்தை ஒட்டி நிக்குது. அதுல பாதிக்கு மேல /24தான். ஒவ்வொரு சின்ன ஐஎஸ்பியும் தன்னோட ஒரு லிங்க பேலன்ஸ் பண்றதுக்காக ஒடச்சு ஒடச்சு விடறதுக்கான செலவ உலகத்துல இருக்கற எல்லா எட்ஜ் ரூட்டரும் மெமரில சுமக்குது. 2014 ஆகஸ்ட் 12ல டேபிள் 512 கேவ (சுமார் அஞ்சு லட்சம் ரூட்) தாண்டுனப்ப பழைய பெட்டிங்க எத்தனை இடத்துல திணறுச்சுன்னு அப்ப என்ஓசில (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) இருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

ரெண்டாவது, கன்ட்ரோல் ரொம்ப முரட்டுத்தனமா இருக்கும். மொத்தமும் ஏ, இல்லன்னா மொத்தமும் பி. பாதி வேணும்னா ஒரு /24 இங்க, ஒரு /24 அங்கன்னு பிரிக்கணும், அப்ப சிஜிநாட் பூல எப்படிப் பிரிச்சிருக்கீங்கங்கறதோட இது போய் சிக்கிக்கும்.

மூணாவது ஆர்ஓஏ, அதாவது ஒரு ப்ரிஃபிக்ஸ எந்த ஏஎஸ் அறிவிக்கலாம், எவ்வளவு நீளம் வரைக்கும்னு கையெழுத்து போட்டு வைக்கற பதிவு. உங்க ஆர்ஓஏல மேக்ஸ் லென்த் என்ன வச்சிருக்கீங்கன்னு பாருங்க. /23க்கு மேக்ஸ் லென்த் 23ன்னு இருந்து நீங்க /24 அறிவிச்சா, அது ஆர்பிகேஐல (ஆர்ஓஏவ வச்சு ரூட்ட சரிபாக்கற முறை) இன்வேலிட், வேலிடேஷன் பண்ற நெட்வொர்க் எல்லாம் அதைத் தூக்கிப் போட்டுடும். மேக்ஸ் லென்த் 24ன்னு திறந்து வச்சிட்டு வெறும் /23 மட்டும் அறிவிச்சாலும் தப்புதான், யாராவது உங்க ஏஎஸ் நம்பர பின்னாடி ஒட்டிக்கிட்டு ஒரு /24 விட்டா அது வேலிட்னு வந்துடும், போட்டிக்கு உங்களோட /24 இருக்காது. 2022ல வந்த ஆர்எஃப்சி 9319 (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் முறைகள எழுதி வைக்கற ஆவணம்) இதத்தான் சொல்லுது, எதை அறிவிக்கறீங்களோ அதுக்கு மட்டும் ஆர்ஓஏ போடுங்கன்னு.

அதனால /23 மட்டும் ரெண்டு பக்கமும் விடுங்க, அப்புறம் ப்ரீபெண்டும் கம்யூனிட்டியும் (ரூட்டோட சேத்து ஒட்டி அனுப்பற ஒரு எண் குறிப்பு) வச்சு நகத்துங்க. ஆனா /24ஐ எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது வெளிநாட்டு லுக்கிங் கிளாஸ்ல (மத்தவங்க ரூட்டர்ல எந்த ரூட் தெரியுதுன்னு காட்டற பக்கம்) உங்க /23 ஏ வழியாவும் தெரியுதான்னு கண்டிப்பா பாத்துடுங்க. ஏ அவங்க ஃபில்டர்ல உங்க ப்ரிஃபிக்ஸ சேக்காமலே விட்டிருந்தா இத்தனை நாள் /24 அதை மறச்சிருக்கும். பாத்துட்டு, விடிகாலைல, பி பக்கம் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட்ல "எல்இ 24"ஐ மட்டும் எடுத்துட்டு கிளியர் பிஜிபி சாஃப்ட் அவுட் குடுங்க. சாஃப்ட் அவுட்ங்கறது இல்லாம வெறும் கிளியர் குடுத்தா செஷன் விழுந்து எந்திரிக்கும்.

துபாய்வாசி77:
டேபிள் சைஸ் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான் அண்ணே, ஆனா ஒரு /23 வச்சிருக்கறவர் ரெண்டு /24 விடறதால உலகம் ஒண்ணும் கெட்டுடாது. கஸ்டமர் போன் அடிச்சுக்கிட்டே இருக்கறப்ப கையில இருக்கற வழியத்தான் எடுக்கணும். ஆர்ஓஏ பாயின்ட் ஒத்துக்கறேன், நான் எங்களோடத போய் செக் பண்றேன்.

கலை_ரூட்டிங்:
அவசரத்துக்கு /24 விடறது எனக்கும் ஓகே, டிடாஸ் தாக்குதல் வர்றப்ப டிராஃபிக்க வடிகட்டற ஸ்க்ரப்பிங்குக்கு திருப்பறதுக்கு எல்லாரும் அதான் பண்றோம். ஆனா செந்தில் கேஸ்ல அவசரம் தீர்றதுக்கே /24ஐ எடுத்தா போதும், புதுசா ஒண்ணும் விடத் தேவையில்ல. மொதல்ல அதைப் பண்ணிட்டு கிராஃப் எங்க நிக்குதுன்னு பாக்கலாமே.

செந்தில்_நெட்:
பண்ணிட்டேன். லுக்கிங் கிளாஸ்ல /23 ரெண்டு பக்கமும் தெரிஞ்சுது, அப்புறம்தான் எடுத்தேன். நேத்து ராத்திரி பீக்ல ஏ பக்கம் 1.8 ஜி, பி பக்கம் 1.4 ஜி. டிராப் நின்னுடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா ப்ரீபெண்ட் இன்னும் அஞ்சு அப்படியே இருக்கு, அப்படியும் பி வழியா 1.4 வருதே, இது ஏன்? ஐபிஎல் ஆரம்பிச்சா மறுபடியும் முட்டும்னு பயமா இருக்கு.

பாண்டியன்_என்ஓசி:
இப்ப வர்றது பியோட நெட்வொர்க்குக்கு உள்ள இருந்தும், பிகிட்ட நேரடியா பியரிங் (ரெண்டு நெட்வொர்க் நேரா டிராஃபிக் மாத்திக்கற இணைப்பு) வச்சிருக்கறவங்க, அதாவது பியருங்க கிட்ட இருந்தும் வர்றது. கன்டென்ட் கேஷ் எல்லாம் பெரும்பாலும் அப்ஸ்ட்ரீம் டேட்டா சென்டர்லதான் உக்காந்திருக்கு.

பி மாதிரி எந்த கம்பெனியா இருந்தாலும் கஸ்டமர்கிட்ட இருந்து வர்ற ரூட்டுக்கு லோக்கல் ப்ரெஃபரன்ஸ் அதிகமா வைப்பாங்க, பியர்கிட்ட இருந்து வர்றதுக்கு அதைவிடக் கம்மி, அவங்க காசு குடுத்து வாங்கற டிரான்சிட்டுக்கு இன்னும் கம்மி. காசு வர்ற பக்கம் அனுப்பறதுதான் அவங்களுக்கு லாபம். லோக்கல் ப்ரெஃபரன்ஸ பாக்கறது ஏஎஸ் பாத்துக்கு முன்னாடி, அதனால பியோட ரூட்டர்ல உங்க அஞ்சு ப்ரீபெண்டுக்கு எந்த மதிப்பும் இல்ல, கஸ்டமர் ரூட் ஜெயிச்சு நேரா உங்ககிட்ட வந்துடும். அவங்க வீட்டுக்குள்ள இருக்கற லோக்கல் ப்ரெஃபரன்ஸ நீங்க மாத்த முடியாது, ஆனா மாத்தச் சொல்லிக் கேக்க முடியும். அதுக்குத்தான் கம்யூனிட்டி. 1996லயே 1998ங்கற நம்பர் ஆர்எஃப்சில இத எழுதி வச்சிட்டாங்க: கஸ்டமர் ஒரு குறிப்பிட்ட கம்யூனிட்டி ஒட்டி அனுப்புனா அப்ஸ்ட்ரீம் அந்த ரூட்டுக்கு லோக்கல் ப்ரெஃபரன்ஸ இறக்கிடும்.

பிகிட்ட கம்யூனிட்டி டாக்குமென்ட் கேளுங்க. சேல்ஸ் ஆளுகிட்ட கேக்காதீங்க, அவங்க என்ஓசிக்கு மெயில் போடுங்க. பியரைவிடக் கம்மியா இறக்கற மதிப்புதான் வேணும்.

செந்தில்_நெட்:
டாக்குமென்ட் வந்துடுச்சு. பியோட ஏஎஸ் 64500ன்னு வச்சுக்கங்க, 64500:80 ஒட்டுனா லோக்கல் ப்ரெஃபரன்ஸ் 80ன்னு போட்டிருக்கு, பியருக்கு அவங்க வைக்கறது 100. அவுட் ரூட்-மேப்ல செட் கம்யூனிட்டி 64500:80 போட்டு சாஃப்ட் அவுட் குடுத்தேன். ஒண்ணும் ஆகல. ஷோ ரன்ல பாத்தா நான் போட்ட நம்பர் இல்லாம 4227072080ன்னு என்னமோ தெரியுது, தப்பா ஏறிடுச்சா?

கலை_ரூட்டிங்:
தப்பில்ல, அதேதான். கம்யூனிட்டிங்கறது 32 பிட் நம்பர், 64500ஐ 65536ஆல பெருக்கி 80 கூட்டுனா அதுதான் வரும். "ஐபி பிஜிபி-கம்யூனிட்டி நியூ-ஃபார்மட்"னு ஒரு வரி குளோபல்ல போடுங்க, கோலன் வச்சுக் காட்டும்.

வேலை செய்யாததுக்குக் காரணம் வேற. சிஸ்கோ ஐஓஎஸ்ல கம்யூனிட்டி டீஃபால்ட்டா நெய்பருக்குப் போகாது. நெய்பர் பிக்கு கீழ, அட்ரஸ்-ஃபேமிலிக்குள்ள, "செண்ட்-கம்யூனிட்டி" போட்டிருக்கீங்களா? அது இல்லன்னா ரூட்-மேப்ல எத்தனை ஒட்டுனாலும் வாசல்லயே கழட்டிட்டுத்தான் அனுப்பும்.

செந்தில்_நெட்:
போடல! இப்ப போட்டேன், சாஃப்ட் அவுட் குடுத்தேன், பத்து நிமிஷத்துல பி 200 மெகாவுக்கு இறங்கிடுச்சு, ஏ 3 ஜிக்கு ஏறுது. பியோட லுக்கிங் கிளாஸ்ல நம்ம /23க்கு லோக்கல் ப்ரெஃபரன்ஸ் 80 தெரியுது, ஏ வழியா வர்ற பாத்துதான் பெஸ்ட்னு காட்டுது. ப்ரீபெண்ட ஒண்ணுக்குக் குறைச்சிட்டேன். மேடம், பாண்டியன் சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

அடுத்து ஒண்ணு. சென்னைல ஒரு ஐஎக்ஸ்ல (பல நெட்வொர்க் ஒரே இடத்துல இணையற எக்ஸ்சேஞ்ச்) போர்ட் எடுக்கறதா ஓனர் சொல்லிட்டு இருக்கார். பக்கத்து ஊர்ல ஒரு காலேஜ் சொந்த ஏஎஸ் வாங்கிட்டு எங்ககிட்ட பிஜிபி கேக்கறாங்க. இது ரெண்டும் வந்தா இப்ப இருக்கற ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் முறை தாங்குமா?

பாண்டியன்_என்ஓசி:
இந்தக் கேள்விய போர்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டது ரொம்ப நல்லது, ஏன்னா இங்கதான் ஆபத்தே இருக்கு. இது வரைக்கும் நடந்தது உங்க லிங்க் நிரம்பற விஷயம், உங்களுக்கு மட்டும் வலி. இனிமே நீங்க தப்பா விட்டா ஊருக்கே வலி.

2019 ஜூன் 24ல நடந்தத எடுத்துக்கங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் டிக்யூஇ-ன்னு ஒரு சின்ன ப்ரொவைடர், அவங்க பிஜிபி ஆப்டிமைசர்னு ஒரு பெட்டி வச்சிருந்தாங்க, அது டிராஃபிக்க பேலன்ஸ் பண்றதுக்காக உலக ரூட்டுகள ரெண்டா ஒடச்சு உள்ளுக்குள்ள போட்டுக்கும். கிளவுட்ஃப்ளேரோட 104.20.0.0/20 ரெண்டு /21 ஆச்சு. அது அவங்க கஸ்டமர் அலிகெனி டெக்னாலஜிஸுக்குப் போச்சு. அந்தக் கஸ்டமருக்கு வெரைசனும் ஒரு அப்ஸ்ட்ரீம். ஒரு அப்ஸ்ட்ரீம்கிட்ட வாங்குனத இன்னொரு அப்ஸ்ட்ரீம்கிட்ட குடுத்துட்டாங்க, வெரைசன் ஃபில்டர் இல்லாம வாங்கி உலகத்துக்கே பரப்பிடுச்சு. கிளவுட்ஃப்ளேர், அமேசான் டிராஃபிக்கெல்லாம் அந்தச் சின்ன கம்பெனி லிங்க்குக்குள்ள நுழையப் பாத்துச்சு. அவங்க டோப்பாலஜிய பாருங்க: ரெண்டு அப்ஸ்ட்ரீம், நடுவுல ஒரு கஸ்டமர். உங்களோடதும் அதேதான்.

அதனால பாலிசிய இப்படி யோசிங்க. ரூட் உள்ள வர்றப்பவே அது யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு முத்திரை குத்திடுங்க. கஸ்டமர்னா 65000:100, லோக்கல் ப்ரெஃபரன்ஸ் 300. ஐஎக்ஸ் பியர்னா 65000:200, ப்ரெஃபரன்ஸ் 200. அப்ஸ்ட்ரீம்னா 65000:300, ப்ரெஃபரன்ஸ் 100, ஏவுக்கு வேணா 120. உங்க சொந்த ப்ரிஃபிக்ஸுக்கு நெட்வொர்க் ஸ்டேட்மென்ட்லயே ஒரு ரூட்-மேப் கட்டி 65000:1 ஒட்டிடுங்க. வெளிய போறப்ப ஒரே விதி: அப்ஸ்ட்ரீமுக்கும் பியருக்கும் 65000:1, 65000:100 ரெண்டு மட்டும் போகும், கஸ்டமருக்கு எல்லாம் போகும். புது லிங்க் வந்தா அது எந்த ரகம்னு பாத்து அதுக்கான ரூட்-மேப்ப மாட்டுனா போதும், பழைய நெய்பர் எதையும் தொட வேண்டாம்.

இதுல ரெண்டு இடத்துல கவனம் வேணும். உள்ள வர்ற ரூட்-மேப்ல செட் கம்யூனிட்டிய "அடிட்டிவ்" இல்லாம போட்டா பழசெல்லாம் அழிஞ்சு உங்க முத்திரை மட்டும் நிக்கும், அதுதான் பாதுகாப்பு. ஏன்னா வெளிய இருந்து எவனாவது 65000:100னு ஒட்டி அனுப்பிட்டா அப்ஸ்ட்ரீம் ரூட் கஸ்டமர் வேஷத்துல வெளிய போயிடும். கஸ்டமருக்கு பிளாக்ஹோல் (இந்த ஐபிக்கு வர்றத மொத்தமா தூக்கிப் போடுன்னு சொல்றது) 65535:666 மாதிரி ஏதாவது அனுமதிக்கறதா இருந்தா மட்டும், மொதல்ல 65000ன்னு ஆரம்பிக்கறத கம்யூனிட்டி-லிஸ்ட் வச்சு டெலீட் பண்ணிட்டு அப்புறம் அடிட்டிவ். வெளிய போறப்பவும் 65000 எல்லாத்தையும் அழிச்சிடுங்க, பி பக்கம் 64500:80 மட்டும் போகட்டும்.

கலை_ரூட்டிங்:
65000 ஏன்னு செந்திலுக்குக் கேள்வி வரும். உங்க ஏஎஸ் நம்பர் ஆறு இலக்கமாத்தான் இருக்கும், சாதாரண கம்யூனிட்டில முதல் பாதிக்கு 16 பிட்தான் இடம், உள்ள போகாது. ஐஓஎஸ் எக்ஸ்இ வெர்ஷன் புதுசா இருந்தா லார்ஜ் கம்யூனிட்டி, அதாவது 2017ல வந்த ஆர்எஃப்சி 8092, அதுல உங்க சொந்த நம்பரே போட்டுக்கலாம். பழசுன்னா பிரைவேட் ஏஎஸ் நம்பர் வச்சு உள்ளுக்குள்ள ஓட்டறதுதான் வழி.

அப்புறம் பல பேர் வெளிய விடறதுக்கு ஏஎஸ்-பாத் ஃபில்டர்ல ^$ மட்டும் போட்டு நிம்மதியா இருப்பாங்க. நம்ம ஏஎஸ்ல பொறந்த ரூட் மட்டும் போகும், சரி. ஆனா காலேஜ் ரூட்ல அவங்க ஏஎஸ் இருக்குமே, அது போகாது, உடனே அவசரத்துல யாராவது அந்த லைன தூக்கிடுவாங்க. இன்னொண்ணு, ரீடிஸ்ட்ரிப்யூட் கனெக்டட் (ரூட்டர்ல நேரா இணைஞ்சத எல்லாம் பிஜிபில விடற வரி) எங்கயாவது இருந்தா அதுவும் ^$தான், பிரைவேட் ஐபியெல்லாம் வெளிய போகும். கம்யூனிட்டி ஒரு பூட்டு, ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் இன்னொரு பூட்டு, ரெண்டும் இருக்கட்டும்.

ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் பேர ரூட்-மேப்ல தப்பா டைப் பண்ணிடாதீங்க. சிஸ்கோ ஐஓஎஸ்ல இல்லாத லிஸ்ட்ட மேட்ச் பண்ணச் சொன்னா எல்லாமே மேட்ச்னு எடுத்துக்கும்.

யாழ்_வினோ:
வணக்கம், நான் இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இங்க எங்கட பக்கம் கனபேர் எஃப்ஆர்ஆரும் (இலவச ரூட்டிங் மென்பொருள்) மைக்ரோடிக்கும்தான் பாவிக்கினம், அவைக்காக ஒரு விஷயம் சொல்லோணும். சிஸ்கோ ஐஓஎஸ்ல பாலிசி ஒண்டும் போடாட்டி எல்லாம் உள்ள வரும், எல்லாம் வெளிய போகும். 2017ல வந்த ஆர்எஃப்சி 8212 அதை மாத்தச் சொல்லுது, பாலிசி இல்லாட்டி ஒண்டும் போகக் கூடாது எண்டு. இப்பத்த எஃப்ஆர்ஆர் அப்பிடித்தான், ஈபிஜிபி (வேற ஏஎஸ்ஸோட ஓடுற பிஜிபி) செஷன் எழும்பும், ஆனா ஒரு ரூட்டும் வராது, புதுசா செய்யிற ஆக்கள் பிழை எண்டு நினைச்சு அந்த ஆப்ஷனை நிப்பாட்டிப் போடுவினம். தயவு செய்து நிப்பாட்டாதேங்கோ, ரூட்-மேப்பை எழுதுங்கோ.

மைக்ரோடிக் ரூட்டர்ஓஎஸ் 7ல ஃபில்டர் செயின்ட கடைசியில ஒண்டும் மேட்ச் ஆகாட்டி ரிஜெக்ட். 6ல அக்செப்ட். பழைய கான்ஃபிக்கை அப்கிரேட் செய்யிற ஆக்கள் இதைக் கவனிக்கோணும்.

துபாய்வாசி77:
இது தெரியாம இருந்துச்சு, நன்றி வினோ. இங்க எங்க ஐஓஎஸ் எக்ஸ்ஆர் பெட்டியும் அதே மாதிரிதான், ரூட்-பாலிசி மாட்டலன்னா ஈபிஜிபில எதுவும் நடக்காது. பாண்டியன் அண்ணே, எங்க ஆர்ஓஏ பாத்தேன், மேக்ஸ் லென்த் 24ன்னு திறந்துதான் இருக்கு, ஆனா நாங்க அறிவிக்கற /24க்கு தனித்தனியா போட்டுட்டு அதை மூடிடறேன்.

செந்தில்_நெட்:
எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிட்டேன். கடைசியா காலேஜ் பக்கம் உள்ள வர்றதுக்கு என்ன ஃபில்டர் வைக்கணும், மேக்ஸிமம்-ப்ரிஃபிக்ஸ் (இத்தனை ரூட்டுக்கு மேல வந்தா செஷன வெட்டிடற எல்லை) எவ்வளவு?

பாண்டியன்_என்ஓசி:
அவங்களோட ப்ரிஃபிக்ஸ் எது எதுன்னு எழுத்துல வாங்குங்க, ரெஜிஸ்ட்ரில அவங்க பேர்லதான் இருக்கான்னு பாருங்க, அதை மட்டும் "எல்இ" இல்லாம ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட்ல போடுங்க. ஏஎஸ்-பாத் ஃபில்டர்ல அவங்க நம்பர் மட்டும், ப்ரீபெண்ட் பண்ணி அனுப்புனாலும் பாஸ் ஆகற மாதிரி. ஒரு /24தான்னா மேக்ஸிமம்-ப்ரிஃபிக்ஸ் 5 போதும், அவங்க தப்பா ஃபுல் டேபிள் விட்டா செஷன் உடனே விழணும். ரீஸ்டார்ட் டைமர் வைக்காதீங்க, விழுந்தா அவங்க போன் பண்ணட்டும், என்ன நடந்துச்சுன்னு பாத்துட்டு நீங்க கையால எழுப்புங்க. ஐஎக்ஸ் ரூட் சர்வருக்கு (பல பியரோட ரூட்டையும் ஒரே செஷன்ல குடுக்கற பெட்டி) அவங்க இணையத்துல போட்டிருக்கற கணக்கவிட ஒரு இருபது சதவீதம் கூட வச்சுக்கங்க. காலேஜ்கிட்ட ஆர்ஓஏ போட்டாச்சான்னு செஷன் எழுப்பறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, ஏவும் பியும் அவங்க பக்கம் ஃபில்டர்ல காலேஜ் ப்ரிஃபிக்ஸ சேக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் எடுப்பாங்க, அந்த மெயில இன்னைக்கே போட்டுடுங்க.